உள்ளங்கைக்குக் கீழே ஒரு பெயர்

பனிக்காலத்தில் ஒடீலியா காரின் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார். கோரை மண்டிய சதுப்புகளிலிருந்து எழுந்து வருவதால் கலிபோர்னியாவில் எங்கள் பக்கத்தில் அந்தப் பனியைக் கோரைப்பனி என்போம். ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் பள்ளத்தாக்கே காணாமல் போயிருக்கும். பாதாம் தோப்பு இல்லை, மின்கம்பம் இல்லை, எதிர்வீடு இல்லை. நாற்சந்தியில் வண்டியை நிறுத்தி, ரேடியோவை அணைத்து, எதிரே சத்தம் ஏதும் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் தாண்ட வேண்டும். இந்தப் பனிக்குள் வண்டி எடுக்கிறவர்கள் மூன்று பேர்தான் என்று ஊரில் சொல்வார்கள்: பால் டேங்கர் ஓட்டுகிறவர், பிரசவ வலி கண்டவளின் புருஷன், அப்புறம் ஒடீலியா.

ஒடீலியா பெட்டன்கோர்ட் நடமாடும் நோட்டரி. ஐம்பத்து நான்கு வயது. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை, அவரே வருவார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வருவார், சிறையின் கம்பிக் கதவுக்கு வருவார், தக்காளி வயலின் ஓரத்துக்கு வருவார். புது வீடு வாங்குகிறவர்களின் சமையலறை மேஜையில் நூற்றைம்பது பக்கக் காகிதத்தைப் பரப்பி, எங்கெங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டுவார். காரின் பின்சீட்டில் ஒரு மடக்கு மேஜை, ஒரு கைவிளக்கு, ஒரு டஜன் நீல மைப் பேனா, கைரேகை எடுக்கிற மைப்பெட்டி, விரலைத் துடைக்க ஈரக் காகிதம். கைப்பையில் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி, அதற்குள் முத்திரை.

முன்பு அவர் ஊர் வங்கியில் கவுண்டரில் இருந்தார். பத்தொன்பது வருஷம் இருந்தார். ஒரு கோடையில் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். நாற்காலிகளையும் பூந்தொட்டிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நோட்டரி முத்திரை மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தது. முத்திரை வங்கிக்குச் சொந்தமில்லை, அவர் பெயருக்கு அரசாங்கம் கொடுத்தது. கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சமையலறையில் அந்த முத்திரையை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு முழுநாள் உட்கார்ந்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மறுநாள் காரின் கண்ணாடியில் போன் நம்பரை ஒட்டினார்.

ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது நோட்டரியின் வேலை இல்லை. அது நல்லதா கெட்டதா என்று அவர் சொல்லக் கூடாது. அவருடைய வேலை ஒன்றே ஒன்று: எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள், காகிதத்தில் பெயர் இருக்கிற அதே ஆள்தானா என்று பார்ப்பது. அடையாள அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், பிறகு முழுப் பெயரையும் மெதுவாக, வாய்விட்டுப் படிப்பார். "நீங்கதானா?" என்பார். அந்தக் கணம் எல்லோரும் கொஞ்சம் மாறிப்போவார்கள் என்று ஒடீலியா சொல்வார். முழுப் பெயரை யாரும் நம்மைப் பார்த்துச் சொல்வதில்லை. ஞானஸ்நானத்தில் சொன்னது, கல்யாணத்தில் சொன்னது, அதற்கப்புறம் இது. சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு டிராக்டர் டிரைவர் தொப்பியைக் கழற்றினாராம்.

முன்பெல்லாம் நோட்டரிக்கு ஒருவரை நேரில் தெரிந்திருந்தால் போதும், அட்டை வேண்டாம். பிறகு கலிபோர்னியாவில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது பெற்ற தாயே எதிரே உட்கார்ந்தாலும் அட்டை வேண்டும். அட்டை இல்லாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. அந்த ஆளை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர், தங்கள் அட்டையைக் காட்டி, வலது கையைத் தூக்கி, இவர் இன்னார் என்று சத்தியம் செய்ய வேண்டும். அந்த ஆவணத்தால் அவர்களுக்கு ஒரு லாபமும் இருக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒடீலியாவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆவணத்தில் இருக்கிற பெயரை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். "இவர் யாரு? நீங்களே சொல்லுங்க" என்பார். சட்டம் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் அவரும் செய்ததில்லை. இரண்டாவது வருஷம் ஒரு முதியோர் இல்லத்தில், சாட்சி சொல்ல வந்த இரண்டு பேரிடம் பெயரைப் படித்துக் காட்டி "இவர்தானே?" என்று கேட்டார். இரண்டு பேரும் "ஆமா" என்றார்கள். கட்டிலில் இருந்தவரும் தலையாட்டினார். முத்திரையை மையில் ஒற்றும்போது பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டு, "யாரு என் பேரைச் சொன்னது?" என்று கேட்டார். நாம் ஒரு பெயரை நீட்டினால் ஜனங்கள் மரியாதைக்காகவே வாங்கிக்கொள்வார்கள் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது. அதிலிருந்து உள்ளங்கை.

இனி பூசணி மாமாவின் வீட்டுக்கு வருகிறேன். நடந்ததை ஒடீலியா கொஞ்சமும் சுல்மீரா அத்தை நிறையவும் சொல்லித்தான் ஊருக்கே தெரியும்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒடீலியா அந்த வீட்டுக் கேட்டைத் தடவிக் கண்டுபிடித்தார். பழைய மாட்டுப் பண்ணை வீடு அது. மாடுகளை விற்று ஆறு வருஷம் ஆகிறது. கதவைத் திறந்தது சுல்மீரா. பூசணி மாமாவோடு இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறவர். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. சுல்மீராவின் முதல் கணவர் எங்கள் ஜனங்கள் விட்டுவந்த தீவில் எங்கோ இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாததால் பாதிரியார் தலையாட்டவில்லை. பிறகு அவர்களே கேட்பதை விட்டுவிட்டார்கள்.

"வந்துட்டியா பொண்ணே? எனக்கு நெஞ்சு திக்குதிக்குனு இருக்கு. பன்னெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வருது."

"வந்துட்டேன் அத்தை. மாமா எப்படி இருக்காரு?"

"வாய் நல்லா இருக்கு. இதயம்தான் சரியில்ல."

பூசணி மாமா முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. கட்டிலுக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டி ஒன்று, குழந்தை படுத்திருப்பதுபோல் இருந்தது. அதற்குள் அவருடைய பெரிய பித்தளை ஊதுகுழல். ஊர் பேண்டில் ஒடீலியாவின் அப்பா மேளம் அடித்தார், அவருக்குப் பக்கத்தில் நின்று ஐம்பது வருஷம் ஊதியவர் இவர். ஒடீலியா பிறந்தபோது வாசலில் வந்து ஊதி, மருத்துவச்சியிடம் திட்டு வாங்கியவரும் இவர்தான்.

மறுநாள் மொடெஸ்டோ நகர ஆஸ்பத்திரியில் அவருக்கு இதய ஆபரேஷன். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் வீட்டையும் அதைச் சுற்றிய இரண்டு ஏக்கரையும் சுல்மீராவுக்கு எழுதிவைக்க வேண்டும். அவருக்குப் பிள்ளை இல்லை. இப்படியே போய்விட்டால் சட்டப்படி எல்லாம் இறந்துபோன தம்பியின் பையன்கள் இரண்டு பேருக்கும் போகும். அவர்கள் பதினைந்து வருஷமாக அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. உயில் என்றால் கோர்ட்டில் இழுப்பார்கள், பத்திரமாகவே எழுதிவிடுங்கள் என்று வக்கீல் சொல்லி, எழுதியும் அனுப்பிவிட்டார். பத்திரத்துக்கு நோட்டரி முத்திரை வேண்டும்.

ஒடீலியா மடக்கு மேஜையை விரித்தார். "மாமா, அட்டை குடுங்க."

"என்ன அட்டை?"

"டிரைவிங் லைசென்ஸ்."

"கண்ணு மங்குச்சுல்ல, ஏழு வருஷம் முன்னாடியே ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துட்டேனே."

"அதுக்குப் பதிலா வேற அடையாள அட்டை குடுத்திருப்பாங்களே?"

"குடுக்கறேன், போட்டோவுக்கு நில்லுங்கன்னாங்க. எதுக்கும்மா? இந்த ஊர்ல என்னைத் தெரியாதவன் எவன் இருக்கான்?"

பாஸ்போர்ட் இருந்தது. அதன் காலம் முடிந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. போட்டோவில் மீசையோடு ஒரு வாலிபன் சிரித்துக்கொண்டிருந்தான்.

சுல்மீரா ஒடீலியாவின் கையைப் பிடித்தார். "உனக்குத் தெரியாதா இவரை? உன் கல்யாணத்துல ஊதுனாரே! நீயே எழுதிக்கயேன்."

"எனக்குத் தெரியும்ங்கறது செல்லாது அத்தை."

"அப்ப நான் சத்தியம் பண்றேன். என்னை விட யாருக்குத் தெரியும்? தூக்கத்துல எந்தப் பக்கம் திரும்புவாருங்கறது வரைக்கும் தெரியும்."

"உங்க பேரு பத்திரத்துல இருக்கு. நீங்களும் சொல்லக் கூடாது."

ஒடீலியாவுக்கு அதைச் சொல்லும்போது ஒரு மாதிரி இருந்தது. மாமாவைத் தெரிந்த இரண்டு பெண்கள் அந்த அறையில் இருக்கிறார்கள், இரண்டு பேரின் தெரிதலும் கணக்கில் இல்லை.

"வேற ரெண்டு பேர் வேணும். இவரை நல்லாத் தெரிஞ்சவங்க. அவசரமா."

முதலில் வந்தவர் எர்மீனியோ. பக்கத்து வீடு. வேலியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். கையில் துணியில் சுற்றிய இனிப்பு ரொட்டி.

"என்னடா பூசணி, இன்னும் போகலையா நீ?"

"உன்கிட்ட சொல்லாம போவேனா? உன் மூஞ்சியைப் பாத்துட்டுப் போனா ஆபரேஷன் லேசாத் தெரியும்."

"ரொட்டி கொண்டாந்திருக்கேன். உனக்கு இல்ல. நீ பட்டினி."

ஒடீலியா எர்மீனியோவின் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, விவரத்தைப் பதிவேட்டில் எழுதினார். பத்திரத்தை எடுத்து வைத்து, பெயர் இருந்த இடத்தை உள்ளங்கையால் மூடினார்.

"சித்தப்பா, வலது கையைத் தூக்குங்க. இவர் யாரு?"

"பூசணி."

"முழுப் பேரு?"

"பூசணி ஜோ."

"பத்திரத்துல இருக்கற பேரு சித்தப்பா."

எர்மீனியோவின் கை அந்தரத்தில் நின்றது. "ஜோ சில்வா. அதானே? இவன் தம்பி சில்வான்னுதானே எழுதுவான்."

ஒடீலியா உள்ளங்கையை எடுக்கவில்லை. சுல்மீரா தோளில் போர்த்தியிருந்த போர்வையின் முனையை வாயில் திணித்துக்கொண்டார். "கடவுளே, சொல்லிடுவேன் போல இருக்கு. நான் வெளிய போறேன்" என்று வாசலுக்குப் போய்ப் பனிக்குள் நின்றார். கதவுக்குப் பத்தடி தள்ளி நின்றவரைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எங்கள் ஊரில் இது அதிசயம் இல்லை. தீவிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரே ஏழெட்டுப் பெயர்கள்தான். அதனால் எல்லோருக்கும் பட்டப்பெயர். பதினோரு வயதில் தன்னை விடக் கனமான பூசணிக்காயை வளர்த்துச் சந்தைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனவர், அன்றோடு பூசணி ஆனார். பேண்ட் பட்டியலில் பூசணி. கிரீடத்தை ஊர்வலமாகக் கொண்டுபோகிற தூய ஆவித் திருவிழாவில், ஊருக்கே போடுகிற சூப்புக்கு மாடு கொடுத்தவர்கள் பலகையிலும் பூசணி. அறுபது வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளுக்கு அவருடைய பெயர் தெரியவில்லை.

"என்னடா இது?" என்று எர்மீனியோ கையை இறக்கினார். முகம் சிவந்திருந்தது. "ஒடீலியா, தூய ஆவியோட கிரீடத்து மேல சத்தியம் பண்றேன், இவன் இவன்தான். பேரை நீ சொல்லு, நான் ஆமாங்கறேன். முடிஞ்சுது."

"நாளைக்கு இவர் தம்பி பசங்க கோர்ட்டுக்குப் போறாங்கன்னு வைங்க. வக்கீல் உங்களைக் கூண்டுல ஏத்தி, என்ன பேருக்குச் சத்தியம் பண்ணீங்கன்னு கேப்பாரு. பூசணிம்பீங்களா? அத்தை அப்ப தெருவுலதான் நிப்பாங்க."

எர்மீனியோ ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சுல்மீரா உள்ளே வந்து போனை எடுத்தார். பேண்ட் தலைவர் லாஸ் பானோஸில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தார், சாலையை மூடிவிட்டார்கள். பாதிரியார் வருவதாகச் சொன்னார், பிறகு கால்வாய்ப் பாலத்துக்கு வழி தெரியவில்லை என்று திரும்பிப் போனார். மணி பத்தேகால். ஜன்னலில் வெள்ளை இன்னும் கெட்டியாகியிருந்தது. அந்த அறை எதிலும் ஒட்டாமல் எங்கோ மிதப்பதுபோல் இருந்ததாக ஒடீலியா பிறகு சொன்னார். உள்ளே நான்கு பேர், ஆக்சிஜன் குழாயின் மெல்லிய சீறல், அவ்வளவுதான் உலகம். உள்ளங்கையைத் தூக்கிவிடலாமா என்று ஒருமுறை நினைத்தாராம். அந்த நினைப்பும் பனி மாதிரியே கதவிடுக்கு வழியாக வந்தது என்றார்.

அப்போது பூசணி மாமா கண்ணை மூடிக்கொண்டே, "டேங்கர்" என்றார்.

"என்னது?"

"டேங்கர் சத்தம். ஜக்தார். பக்கத்துப் பண்ணைக்குப் பால் எடுக்கப் போறான். அவனைக் கூப்பிடு."

மற்ற மூவருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஊதுகுழல்காரரின் காது அது. சுல்மீரா பக்கத்துப் பண்ணைக்குப் போன் போட்டார். பதினைந்து நிமிஷத்தில் வாசலுக்கு வெளியே மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மினுங்கின. பால் டேங்கர் ஒரு சின்னக் கப்பல்போல் வந்து நின்றது. தலைப்பாகையில் பனித்துளி பூத்திருக்க, ஜக்தார் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன பெரியவரே, படுத்துட்டீங்க? மாடு இல்லன்னா மனுஷன் சோம்பேறி ஆயிடுவான்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"நீ இன்னும் டேங்கரை அந்த முக்குல இடிக்கிறியா?"

"பதினெட்டு வருஷத்துல ஒரே தடவை இடிச்சேன். அதைச் சொல்லிக் காட்டாம விடமாட்டீங்களே."

ஒடீலியா அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். எர்மீனியோவின் காதில் விழக் கூடாது. அவருடைய லைசென்ஸைப் பார்த்துவிட்டு, பத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். "கையைத் தூக்குங்க. முன்னறையில படுத்திருக்கிறவர் யாரு? முழுப் பேரு."

ஜக்தார் யோசிக்கவே இல்லை. நான்கு சொற்களையும் வரிசையாக, பஞ்சாபி வாடையோடு, தப்பில்லாமல் சொன்னார்.

"எப்படித் தெரியும்?"

"பால் சீட்டுல தினமும் கையெழுத்துப் போடணும் அம்மா. மத்த பண்ணைல எல்லாம் ஒரு கோடு இழுப்பாங்க. இவரு மட்டும் முழுசா எழுதுவாரு. நான் எஞ்சினை ஓடவிட்டுக்கிட்டு நிப்பேன். பதினெட்டு வருஷம் தினமும் நின்னு பாத்தா மறக்குமா?"

ஒரு சாட்சி ஆயிற்று. மணி பதினொன்று. ஆம்புலன்ஸ்காரர்கள் போன் செய்து, பனியால் மெதுவாக வருகிறோம், ஆனால் வருகிறோம் என்றார்கள்.

எர்மீனியோ தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாராவது ஒரு எழுத்தாவது சொல்லுங்களேன்."

"ஒரு எழுத்தும் கிடையாது" என்றார் ஒடீலியா.

"விடுடா" என்றார் பூசணி மாமா. "உனக்கு என்னைக்கு என் மேல கவனம் இருந்துச்சு? பிளேன்ல உன் மடியில வாந்தி எடுத்தேனே, அப்ப மட்டும்தான் என்னை ஒழுங்காப் பாத்த."

"புதுக் கால்சட்டைடா அது! அமெரிக்காவுக்குன்னு அம்மா தச்சது!"

"நாத்தத்தோடதான் அமெரிக்காவுல எறங்குன."

எர்மீனியோ சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஜன்னலைப் பார்த்தார். வெள்ளையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"இப்படித்தான் இருந்துச்சு" என்றார். "சாம்பல். ஃபையால் தீவுல எரிமலை வெடிச்சப்ப ஊர் இப்படித்தான் இருந்துச்சு. எங்க வீட்டுக் கூரை மட்டும் தெரியும். அப்பா மண்வெட்டியால கூரையைப் பெருக்குவாரு. கோழி எல்லாம் சாம்பல் நிறம். எனக்கு ஏழு வயசு. அப்பதான் படிக்கக் கத்துக்கிட்டேன். எதைப் பாத்தாலும் எழுத்துக் கூட்டுவேன். அப்புறம் படகு, அப்புறம் பிளேன்..."

ஒடீலியா பத்திரத்தை மறுபடி எடுத்து வைத்து, பெயரை உள்ளங்கையால் மூடினார்.

"பிள்ளைங்க எல்லாருக்கும் கோட்டுல ஒரு அட்டை குத்தியிருந்தாங்க. தொலைஞ்சு போகாம இருக்க. இவனுக்குப் பழுப்புக் கோட்டு. யாரோ பெரிய பையனோடது, கை நீளம். வாந்தி எடுத்துட்டு என் தோள் மேல தூங்கிட்டான். அட்டை என் கண்ணுக்கு நேரா. ராத்திரி பூரா எனக்குப் படிக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு. நீளமான பேரு. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி..."

கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தானாகவே மேலே வந்தது. எழுபத்து மூன்று வயது மனிதர், ஏழு வயதுப் பையன் வாசிப்பதுபோல், ஒவ்வொரு அசையாக வாசித்தார்.

"ஜெர்...வா...சியோ. எவ...ரிஸ்...தோ. தா. சில்...வேரா."

மறுபடி வாசலுக்குப் போய் நின்றிருந்த சுல்மீரா "அப்பாடி" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சில்வேராவா?" என்றார் எர்மீனியோ கண்ணைத் திறந்து. "சில்வா இல்லயாடா?"

"தம்பிதான் சுருக்கிக்கிட்டான். பேங்க்காரங்களுக்கு எழுத வராதுன்னு. நான் சுருக்கல."

"அறுபது வருஷம் ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"நீ கேட்டியா?"

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக, தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் நடந்தது. இரண்டு சாட்சிகளும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். ஒடீலியா உள்ளங்கையை எடுத்தார். பத்திரத்தைக் கட்டிலில் இருந்தவர் முன்னால் வைத்து, அவர் முகத்தைப் பார்த்து, பெயரை முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படித்தார். தான் பிறந்த நாளிலிருந்து தெரிந்த மனிதரை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தார்.

"நீங்கதானா?"

அவர் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டார். சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"நான்தான்."

"இந்தப் பத்திரத்துல நீங்க உங்க இஷ்டப்படிதான் கையெழுத்துப் போடறீங்களா?"

"இஷ்டப்படியா? இருபத்திரண்டு வருஷமா வேற யாரோட இஷ்டம் இந்த வீட்டுல நடந்துச்சு? அவ இஷ்டம்தான். இது ஒண்ணு என்னோடது."

பால் சீட்டில் எழுதுவதுபோல் முழுசாக எழுதினார், ஒரு எழுத்தையும் விடாமல். ஜக்தார் பழக்க தோஷத்தில் பக்கத்தில் பொறுமையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒடீலியா மாமாவின் வலது பெருவிரலை மையில் ஒற்றிப் பதிவேட்டில் பதித்தார். பால் கறந்து கறந்து தேய்ந்துபோன விரல். ரேகை சரியாக விழவில்லை, நடுவில் கொஞ்சம் வெள்ளையாக இருந்தது. விழுந்தவரை போதும்.

முத்திரை குத்தும்போது வெளியே ஆம்புலன்ஸ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏழெட்டு அடி வரை தெரிந்தார், கையை ஆட்டினார், பிறகு பனி மூடிக்கொண்டது. அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "எர்மீனியோ, ரொட்டியில பாதி வச்சுரு!"

சுல்மீரா கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஆம்புலன்ஸில் ஏறினார். ஆஸ்பத்திரியில் ஊத விடமாட்டார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒடீலியா மேஜையை மடக்கி, கண்ணாடியை இறக்கிவிட்டு, அடுத்த வீட்டைத் தேடிப் போனார். பத்திரம் அன்றைக்கே தபாலில் பதிவுக்குப் போனது.

பிப்ரவரி நடுவில், பாதாம் தோப்புகள் பூத்திருந்தபோது, பூசணி மாமா திரும்பி வந்தார். பூவிதழ் உதிர்ந்து தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. எர்மீனியோவின் பழைய பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி, ஒரு கையில் தடியோடு கேட்டுக்கு முன்னால் நின்றார். கேட்டுக்கு அந்தப் பக்கம் சுல்மீரா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"யாருங்க நீங்க? இது என் வீடு."

"ஒரு ரூம் கெடைக்குமாம்மா? ஆபரேஷன் பண்ணுன கிழவன்."

"அடையாள அட்டை இருக்கா?"

அவர் திரும்பிப் பிக்கப் வண்டியைக் காட்டினார்.

"அட்டை எதுக்கு? எர்மீனியோ இருக்கான்ல."